தேடலில் மேலே வந்த கடைசிச் சாமான்

"உங்கட கடையில ஒண்டு இருக்கெண்டு காட்டுது தங்கச்சி. பிறகேன் இன்னும் அப்பாவுக்கு வந்து சேரேல்லை?"

கனடாவிலிருந்து பேசிய அந்த அக்காவின் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரர்களுக்குச் சொல்ல நாலைந்து பதில்களை எப்போதும் கைவசம் வைத்திருந்தேன். இவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

அவர் இணையத்தில் எங்களிடம் வாங்கியது ஒரு சக்கர நாற்காலி. அவருடைய அப்பா பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்தார். சர்க்கரை வியாதியில் புண் பெருத்து, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போரினால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. ஊருக்குத் திரும்புவதென்றால் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். அதற்குப் பெயர் பதிந்து, பயண அனுமதிப் பாஸ் எடுத்து, முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அவருக்கு முறை வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை மருமகன் ஒருவர் வான் பிடித்துக்கொண்டு வந்து அவரை ஏற்றிப் போவதாக ஏற்பாடு. கப்பலடியில் சோதனைக்கு மணிக்கணக்காக வெயிலில் நிற்க வேண்டும். நடக்க முடியாதவர் சொந்தமாகச் சக்கர நாற்காலி கொண்டுவந்தால்தான் ஏற்றுவோம் என்று சொல்லியிருந்தார்களாம். ஆஸ்பத்திரி நாற்காலி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டாது. வியாழனைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது.

அவர் ரெலிபோன் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை. "நான் பாத்துச் சொல்லுறன் அக்கா" என்று வைத்தேன். வைத்த பிறகும் கையை ரெலிபோனிலிருந்து எடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். 'ஒன்று இருக்கிறது' என்று அவருக்குக் காட்டியது எங்கள் இணையக் கடைக்கு நான் எழுதிய தேடல்.

எங்கள் கடை கண்டிச் சந்தைக்குப் பின்னால் ஏறுகிற ஒரு தெருவில் இருந்தது. கீழே பலசரக்கும் வீட்டுச் சாமானும். மேலே ஒரு சின்ன அறையில் இரண்டு கொம்பியூட்டரும் நானும். முதலாளி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், அதனால் தெரு முழுவதற்கும் ஹாஜியார். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கிருந்தே சாமான் வாங்கி இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கு அனுப்பலாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் ஒரு கடை திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. பேராதனையில் படித்து முடித்து, ஊருக்குப் போகவும் வழியில்லாமல், போர்டிங் அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. கடையில் வேலை என்றால், படிச்ச பிள்ளை கடையில நிக்குதே என்று கவலைப்படுவா. கொம்பியூட்டர் வேலை என்றால், பிறகேன் பின்னால பருப்புச் சாக்கு இறக்கிற சத்தம் கேக்குது என்பா.

நான் வந்தபோது அந்த இணையக் கடையில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. குடை என்று தேடினால் முதலில் குழந்தைகளைத் தள்ளும் வண்டி வரும், அதன் விவரத்தில் 'வெயிலுக்குச் சிறு குடையுடன்' என்று எழுதியிருந்ததால். சாறி என்று தேடினால் அயர்ன் பெட்டி வரும். தேங்காய் என்று தேடினால் ஷாம்பூ வரும், சவர்க்காரம் வரும், துருவலை வரும், தேங்காய் மட்டும் வராது. விவரத்தில் எங்கே அந்தச் சொல் கிடந்தாலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிற தேடல் அது. பெயரில் இருந்தால் கூடின மதிப்பு, விவரத்தில் இருந்தால் குறைந்த மதிப்பு என்று மாற்றினேன். தேங்காய் தலைகாட்டியது. அன்று முழுவதும் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. தேடியும் ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள் என்ன தேடினார்கள் என்று பார்ப்பது. காலையில் வந்து பால் விடாத பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருவர் 'பல் இல்லாத ஆள் சாப்பிட' என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருப்பார். இன்னொருவர் 'அம்மா கோபம்' என்று மட்டும். ஒருவர் தன் வீட்டு விலாசம் முழுவதையும் தேடல் பெட்டிக்குள் போட்டிருந்தார், அது கிடைத்துவிடும் என்பது போல. இந்த மனிதர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைக்குள் வந்து நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் பேச்சுக்கொடுக்கிறவர்கள் இப்படித்தான். பல் இல்லாதவருக்குக் கஞ்சி காய்ச்சக் குரக்கன் மாவும் மென்மையான பிஸ்கட்டும் காட்டும்படி செய்தேன். கோபமான அம்மாக்களுக்குக் கேக்கும் சாறியும். அந்த இரண்டும் நன்றாகவே போயின.

இந்த உற்சாகத்தில் நான் செய்த இன்னொரு மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பெரிய நாடுகளின் இணையக் கடைகளைப் பார்த்தேன். ஒரு சாமான் முடிகிற தறுவாயில் இருந்தால் அதை மேலே தூக்கி, சிவப்பில் 'இன்னும் ஒன்றுதான்' என்று போடுகிறார்கள். பார்க்கிறவன் பதறிப்போய் வாங்கிவிடுவான். நானும் அப்படியே செய்தேன். எது குறைவாக இருக்கிறதோ அது முதலில் வரும், ஒன்றே ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே வரும்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், வெளிநாட்டுக் கடை மாதிரியே இருக்கு புள்ள" என்றார்.

அதற்குப் பிறகுதான் முறைப்பாடுகள் தொடங்கின. வாங்கியவர்கள் ரெலிபோன் எடுத்து, சாமான் இன்னும் போகவில்லை என்றார்கள். ப்ளாஸ்க் போகவில்லை, ஊன்றுகோல் போகவில்லை, அயர்ன் பெட்டி போகவில்லை. எல்லாம் சிவப்பில் மேலே வந்தவை. மற்றவை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. இப்போது இந்தச் சக்கர நாற்காலி. வியாழக்கிழமைக்கு இடையில் ஒரேயொரு நாள்தான் இருந்தது.

கணக்குப் பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று முதலில் நினைத்தேன். கொம்பியூட்டரில் ஒன்று என்று இருக்கும், கீழே ஸ்டோரில் ஒன்றும் இருக்காது. கணக்கு எப்போதும் இப்படித்தானே காலை வாரும். நேரே ஸ்டோருக்கு இறங்கினேன்.

ஸ்டோர், அதற்குப் பொறுப்பாக இருந்த அக்காவின் ராச்சியம். ஐம்பதைத் தாண்டியவர், கடுகண்ணாவையிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவர். சாவிக்கொத்து இடுப்பில் இருக்கும். யார் என்ன வாங்கினாலும் அதை எழுதிய துண்டு அவரிடம் போகும், அவர் எடுத்துக் கொடுப்பதைத்தான் ஓட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு போவார். ஹாஜியாருக்கே அந்தக் கதவுக்குள் செருப்போடு போகப் பயம். எனக்கு எப்படி இருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

"என்னா புள்ள, மேல வேல இல்லயா?"

"சும்மா ஒருக்காப் பாக்கிறன் அக்கா."

"பாருங்க பாருங்க. தொட வேணாம்."

சாமான் அடுக்கிய தட்டுகளை இறாக்கை இறாக்கையாகப் பார்த்தேன். ப்ளாஸ்க் ஒன்று இருந்தது. கொம்பியூட்டரும் ஒன்று என்றுதான் சொன்னது. அயர்ன் பெட்டி ஒன்று. ஊன்றுகோல் ஒன்று. சுவரோரமாக மடித்துச் சாத்தியபடி, பொலித்தீன் சுற்றிய சக்கர நாற்காலி ஒன்று. கணக்கில் ஒரு குண்டூசி கூடப் பிழைக்கவில்லை. நான் பார்த்த எந்தக் கடையிலும் இவ்வளவு சுத்தமான கணக்கு இல்லை. அது எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். மாறாக என்னைக் கிறுக்காக்கியது. சாமான் இருக்கிறது, இருக்கிறது என்று தேடலும் சொல்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. பிறகு எங்கே போய்ச் சிக்குகிறது?

மேலே வந்து, என் பெயரிலேயே அந்த ப்ளாஸ்க்கை வாங்கினேன். போர்டிங் விலாசத்தைக் கொடுத்தேன். துண்டு கீழே போனது. படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து, செருப்பு வார் பிய்ந்துவிட்டது போல அதை நோண்டிக்கொண்டு ஸ்டோருக்குள் பார்த்தேன். இந்த மாதிரி வேலையில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

அக்கா துண்டை எடுத்தார். வாசித்தார். ப்ளாஸ்க் இருந்த இறாக்கையைப் பார்த்தார். அதைக் கடந்து போய், சுவரில் அடித்திருந்த ஆணியில் துண்டைக் குத்திவிட்டுத் திரும்பி வந்து பருப்பு அளக்கத் தொடங்கினார்.

நான் இறங்கிப் போனேன். "அக்கா, நான் ஒரு ப்ளாஸ்க் வாங்கினனான்."

"பாத்தேன். நாளைக்கு வந்துரும்."

"அந்தா நிக்குதே."

"அது நிக்க வச்சிருக்கிறது."

எனக்கு மண்டையில் ஏறவில்லை. அக்கா பருப்பு அளப்பதை நிறுத்தாமலே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "கடைசிச் சாமான விக்கிறது இல்ல புள்ள. புதுசு வந்ததும் நிக்கிறதக் குடுத்துட்டு, புதுசுல ஒண்ண நிக்க வைப்பேன். யாராச்சும் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன். கடைக்குள்ள அந்தச் சொல்லு ஆகாது. நாளைக்கு வரும்னு சொல்லுவேன். வராமலா போகும்?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அரிசிப் பானையை வழித்துத் துடைக்க மாட்டார்கள். அடியில் ஒரு பிடி கிடந்தபடியே புது அரிசியைக் கொட்டுவா அம்மா. அது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டும் எங்கோ பெரிய நாட்டுக் கடைக்காரன் செய்வதைப் பார்த்து, கடைசி ஒன்றையெல்லாம் தேடித் தூக்கி உச்சியில் வைத்திருக்கிறேன். இந்தக் கடையில் ஒருபோதும் விற்காத சாமான்கள் எவையோ அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, சிவப்பில் எழுதி, உலகம் முழுவதற்கும் காட்டியிருக்கிறேன். நினைத்துச் செய்திருந்தாலும் இவ்வளவு திறமாகச் செய்திருக்க முடியாது.

"அப்ப அந்த வீல் செயாரும்?"

"அதுவும் அப்படித்தான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும் மனிதரைப் பற்றியும் வியாழக்கிழமையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் சொன்னேன். அக்கா கேட்டார். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "கொழும்புல இருந்து அடுத்த கெழம வருது. வந்ததும் மொதல்ல அவருக்குத்தான்" என்றார்.

"அடுத்த கிழமை அவருக்கு வேண்டாம் அக்கா."

அவர் அளப்பதைத் தொடர்ந்தார். எனக்குக் கோபம் ஏறியது. மேலே போய் ஹாஜியாரிடம் முறையிட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அவட விஷயத்துல நான் கை வைக்கிறதில்ல புள்ள. வாப்பாட காலத்துல இருந்து ஸ்டோர் அவட பொறுப்பு. வேற கடையில கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். வழியில் மறித்தால் காட்ட அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுவதும் டவுனில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். பஸ் ஏறிப் பேராதனைக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கும் கடைகளிலும் கேட்டேன். எல்லோரும் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஒரு கடைக்காரர், இப்போதெல்லாம் வருவதற்கு முன்பே யாராவது சொல்லி வைத்துவிடுகிறார்கள் என்றார். நாட்டில் எத்தனையோ பேருக்குக் கால் போய்க்கொண்டிருந்த காலம்.

திரும்பி வந்து தேடலைத் திருத்தினேன். ஒரு வரி வேலைதான். எந்தச் சாமானிலும் இருப்பதில் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியைத்தான் இருப்பதாகக் காட்ட வேண்டும். சிவப்பு எழுத்தையும் எடுத்துவிட்டேன். பிறகு சக்கர நாற்காலி என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தது. இப்போது தேடல் சரியாக வேலை செய்தது. புதிரை அவிழ்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் அந்த அக்காவும் இதே பக்கத்தைத் திறந்து பார்ப்பார்.

புதன்கிழமை காலை, மேலே ஏறாமல் நேரே ஸ்டோருக்குப் போனேன். சண்டை பிடிப்பதற்குத்தான் போனேன். ஆனால் பஸ்ஸில் வந்த நேரம் முழுவதும் வேறொன்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அரிசிப் பானையில் ஒரு பிடி வைக்கிற அம்மாவும், பக்கத்து வீட்டில் அவசரமென்றால் அந்தப் பிடியை எடுத்துக் கொடுத்துவிடுவா. அக்கா கல்நெஞ்சுக்காரியும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்தவர். பிறகு ஏன் இப்படி?

கேட்டேவிட்டேன். "அக்கா, கோவிக்க வேண்டாம். ஒருக்காலும் விக்கிறதே இல்லையோ? என்ன நடந்தாலும்?"

அக்கா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "எண்பத்திமூணுல நான் மெயின் தெருவுல ஒரு புடவக் கடையில நின்னேன்" என்றார். "நம்ம தமிழ் ஆளு ஒருத்தரோட கடை. தமிழ்க் கடையெல்லாம் எரிச்ச கலவரத்தன்னிக்கு எங்களப் பின்பக்கத்தால அனுப்பிட்டாரு. நாலஞ்சு நாள் கழிச்சு மொதலாளியும் நானும் போய்ப் பாத்தோம். எங்க கடைய எரிக்கல. தூக்கிட்டுப் போயிருந்தாங்க. ஒரு முழத் துணி கெடையாது. இறாக்கை மட்டும் வரிசையா நிக்குது. மொதலாளி ஒவ்வொரு இறாக்கையா கையால தடவிப் பாத்தாரு. ஒரு துண்டாவது கெடக்கான்னு பாக்குறாரு. ஒண்ணும் இல்ல. அன்னிக்கிப் பூட்டிட்டு இந்தியாவுக்குப் போனவருதான்."

அவர் சாவிக்கொத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"ஒரே ஒரு துண்டு கெடந்திருந்தா தொறந்திருப்பாரு புள்ள. எனக்குத் தெரியும், அந்த மனுசன் அப்படி. ஒரு சாமான் இருந்தா அது கடை. ஒண்ணும் இல்லன்னா நாலு செவரு."

அக்கா சொன்னது பிழையில்லை. அதற்காக வியாழக்கிழமை தள்ளிப்போகவும் போவதில்லை. இரண்டும் என் முன்னால் அசையாமல் நின்றன.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரெலிபோன் அடித்தது. அக்கா எடுத்து, கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைப் பொத்தி என்னிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணுதான்."

"தங்கச்சி, இப்ப பாத்தால் ஒண்டும் இல்லையெண்டு காட்டுது. நேற்று ஒண்டு இருந்ததே. நான் காசு கட்டினதை வேற ஆருக்கும் குடுத்திட்டியளோ? இருக்கோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

நாற்காலி எனக்கு முன்னால் சுவரோரம் நின்றது. இல்லை என்றால் பொய். இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய பொய். எவ்வளவோ பேருடைய தேடலுக்குப் பதில் தேடிக் கொடுத்திருக்கிறேன், இதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "அக்கா, ஸ்டோருக்குப் பொறுப்பான ஆள் இங்கதான் நிக்கிறா. அவவோட கதையுங்கோ" என்று ரிசீவரை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். காதில் வைத்து, "நாளைக்கு வந்துரும்மா" என்றார் வழக்கம்போல. மறுபக்கம் பேசிக்கொண்டே போனது. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. காதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா ஒரு முறை "யாருமே இல்லயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓட்டக்கூடவா?" என்றார். கடைசியில் "சரிம்மா, வைங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

"என்னவாம் அக்கா?"

"அந்தப் பக்கத்துல அக்கம்பக்கம் எல்லாம் காலி வீடாம். ஆள் இல்லாத வீட்டுல மொதல்ல கதவக் கழட்டிட்டுப் போவாங்களாம், பொறகு ஓட்டக் கழட்டுவாங்களாம். அம்மா செத்துட்டாங்களாம், புள்ளைங்க எல்லாம் வெளிய. இவரு ஒருத்தர்தான் அந்த வீட்டுல. கால் போச்சு, எங்கயாச்சும் இங்கனயே இருங்கப்பான்னு அந்தப் பொண்ணு அழுதிருக்கு. கேக்கலயாம். நான் போய் உக்காந்தாத்தான் அது வீடு, இல்லாட்டி வெறும் காணிம்மான்னு சொன்னாராம்."

அக்கா எழுந்து போய் நாற்காலியின் முன்னால் நின்றார். என் அப்பாவும் அம்மாவும் அந்த மண்ணில் அதே காரணத்துக்காகத்தான் இருந்தார்கள். கண்டிக்கு வந்து என்னோடு இருங்கோ என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். வீட்டை ஆர் பாக்கிறது என்பார் அப்பா. வீடு என்ன ஓடியா போகும் என்று நான் எரிந்து விழுவேன்.

அக்கா பொலித்தீனைப் பிரித்தார். துணி எடுத்து நாற்காலியின் கைகளைத் துடைத்தார். விரித்து, தரையில் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். இடது சில்லு கிறீச்சிட்டது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார்.

"ஓட்டோவக் கூப்புடு புள்ள" என்றார். "நானும் வாறேன்."

நாற்காலியை மடித்து எங்கள் இருவரின் மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டு, கூட்ஸ்ஷெட் பஸ் நிலையத்து நெரிசலில் ஊர்ந்து, பேராதனைக்குப் போனோம். வார்டில் அந்தப் பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணிப்பை ஒன்றைக் கட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார். வரும் என்று நம்பித்தான் கட்டியிருக்கிறார். நான் யாரென்று சொன்னேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. "பிரேக் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. "கொஞ்சம் ஒடுக்கம் போல கிடக்கு" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "இருக்கிறதுலயே நல்லது அதுதான் ஐயா."

அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். ஒடுக்கமில்லை. தானே சில்லைப் பிடித்து வார்டின் நடுவால் உருட்டிக்கொண்டு கதவுவரை போனார், திரும்பத் தெரியாமல் அங்கேயே சிக்கிக்கொண்டார். உதவிக்குப் போன என்னைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, நாலைந்து தரம் முன்னும் பின்னும் இழுத்துத் தானே திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. "எங்கட வாசல்படி உயரம். பலகை ஒண்டு போட வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. ஒரு காலோடு அவர் போகிறார், இரண்டு காலோடு நான் இங்கே நிற்கிறேன்.

கடைக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. அக்கா ஸ்டோருக்குள் போய், நாற்காலி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் அதன் உயரத்துக்குத் தூசி படியாமல் வெள்ளையாக இருந்தது. வேறு ஏதாவது சாமானை நகர்த்தி அங்கே வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கொம்பியூட்டர்ல எழுதிக்க" என்றார்.

"என்னெண்டு எழுத அக்கா?"

"இருக்கிறத எழுது."

மேலே போய்ப் பூச்சியம் என்று அடித்தேன். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து எந்தச் சாமானுக்கு நேரேயும் விழாத எண். அடித்தவுடன் என் புதிய வரி அதிலும் ஒன்றைக் கழித்து, இல்லாத சாமானைப் பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் ஒன்று என்று காட்டியது. நான் யோசித்தே பார்த்திராத நிலைமை. உட்கார்ந்து அதையும் திருத்தினேன்.

வியாழக்கிழமை வான் வந்து அவரை ஏற்றிப் போனதாக வார்டிலிருந்து சொன்னார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஸ்டோர் ரெலிபோன் அடித்தால் இரண்டாவது மணிக்கு முன்பே எடுத்தார். ஹாஜியார்கூட ஒரு முறை மேலே வந்து, "அந்த மனுசன் போய்ச் சேந்துட்டாராமா?" என்று விசாரித்தார். கொழும்பிலிருந்து சாமான் வந்து, சுவரோரத்தில் புது நாற்காலிகளும் வந்து நின்ற பிறகுதான் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. அன்று எடுத்தது நான்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா அளவைப் படியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"போய்ச் சேந்திட்டாராம் அக்கா. கப்பலடியில நல்லாக் கஷ்டப்பட்டவராம். ஆனா போய்ட்டாராம்."

"வீடு?"

"பின்பக்கத்தில கொஞ்ச ஓடு இல்லையாம். முன்கதவு இருக்காம்."

"தொறந்துட்டாராமா?"

"திறந்திட்டாராம். விடியவெள்ளன திறந்துபோட்டு, வாசலுக்கு நேர வீல் செயாரிலேயே இருக்கிறாராம். றோட்டால போற ஆக்கள் எல்லாம் நிண்டு கதைச்சிட்டுப் போகினமாம்."

அக்கா "சரி" என்றார். படியை எடுத்துக்கொண்டு பருப்புச் சாக்குகளுக்குப் பின்னால் போனார். அளக்கும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. எதையும் எட்டிப் பார்க்காமல் விடாத நான் அன்று எட்டிப் பார்க்கவில்லை. மேலே போய் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன், அவர் எடுத்த பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் வீட்டுக் கதவெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.